தத்தெடுத்தால் அரசு மாதம் 4,000 ரூபாய் தருமா?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்கார அக்கா ஒருவர், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் மெதுவாகக் கேட்டார். “ஏம்பா, பிள்ளையத் தத்தெடுத்தா கவர்மென்ட்ல மாசம் நாலாயிரம் தர்றாங்களாமே, நெசமா?” அவருக்கும் அவர் கணவருக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் எதிர் வரிசைப் பெரியவர் பதில் சொல்லிவிட்டார். “தர்றதாவது! நாமதாம்மா லட்சக்கணக்குல கட்டணும்.” அவருக்கு அடுத்த இலையிலிருந்து ஒரு தம்பி, “அமெரிக்காவுல தர்றான் மாமா, பிள்ளைக்குப் பதினெட்டு வயசு ஆகுற வரைக்கும்” என்றான்.

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. மூன்றிலும் பெரிய குழப்பமும் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து விளக்குகிற விஷயம் இல்லை இது, அதனால் அப்புறம் பேசலாம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இந்தக் கட்டுரை.

மாமா வீட்டு அரிசி மூட்டை

சட்டத்துக்குள் போவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் அக்கா, டவுனில் தம்பி. அக்காவுக்கு ஒரு பையன்.

முதல் நிலைமை: பையன் அம்மாவோடு கிராமத்திலேயே இருக்கிறான். அப்பா இறந்துவிட்டார், வீட்டில் கஷ்டம். மாமா மாதாமாதம் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புகிறார். பையன் இடம் மாறவில்லை, அவனுடைய அம்மாவும் மாறவில்லை. பணம் மட்டும் வெளியிலிருந்து வருகிறது.

இரண்டாவது: ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று பையனைக் கொண்டுவந்து மாமா வீட்டில் விடுகிறார்கள். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல் வந்தால் கஷாயம் எல்லாம் மாமா வீட்டில். ஆனாலும் அவன் அக்கா மகன்தான். அதனால் ஊரிலிருந்து அறுப்பு முடிந்ததும் ஒரு அரிசி மூட்டை வரும், தேங்காய் வரும், அத்தை கையில் கொஞ்சம் பணமும் வரும். வளர்க்கிறவர் ஒருவர், பொறுப்பாளர் இன்னொருவர். அந்த மூட்டை வருவதே இதனால்தான்.

மூன்றாவது: மாமாவுக்குப் பிள்ளை இல்லை, பையனை முறைப்படி தத்து எடுத்துக்கொள்கிறார். இனி அவன் மாமாவின் மகன். சொத்தில் பங்கு, கொள்ளி வைக்கும் உரிமை, ரேஷன் கார்டில் பெயர் எல்லாம் இங்கேதான். சரி, இப்போது அரிசி மூட்டை வருமா? வராது. தன் மகனுக்குச் சோறு போட யாராவது ஊரிலிருந்து மூட்டை எதிர்பார்ப்பார்களா?

இந்த மூன்று நிலைமையிலும் மூட்டை அனுப்புகிறவர் இடத்தில் அரசை வைத்துப் பாருங்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசு உதவி ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்

பிள்ளை தன் சொந்தக் குடும்பத்திலேயோ தாத்தா பாட்டி, சித்தி மாதிரியான உறவினரிடமோ இருக்க, அரசு மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்குவதற்கு நிதி ஆதரவு என்று பெயர். பல அலுவலகங்களில் ஸ்பான்சர்ஷிப் என்றே சொல்வார்கள்.

பிள்ளையைக் கொஞ்ச காலத்துக்கு, சில சமயம் வருடக்கணக்காகவும், உறவில்லாத ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுப்பது வளர்ப்புப் பராமரிப்பு. இதில் வளர்க்கிற குடும்பம் சட்டப்படி பெற்றோர் ஆகிவிடாது. பிள்ளைக்குப் பொறுப்பு குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கும். பெற்றோரின் பாதுகாப்பு இல்லாத பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க மாவட்டந்தோறும் இருக்கிற அமைப்பு அது. இல்லங்களில் இருக்கிற, பார்க்க யாருமே வராத, 6 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு.

தத்தெடுப்பு என்றால் பழைய பெற்றோரோடு சட்ட உறவு நிரந்தரமாக முடிந்து, பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையோடும் புதிய பெற்றோரின் பிள்ளையாக ஆவது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. உறவுக்குள் தத்தெடுக்கிற இந்துக் குடும்பங்களுக்கு 1956-இல் வந்த தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் இல்லத்திலிருந்து ஒரு பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் போக வேண்டிய வழி காரா. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் சுருக்கப் பெயர் அது. பதிவு, காத்திருப்புப் பட்டியல், பிள்ளையைக் காட்டுவது எல்லாமே அதன் இணையதளம் வழியாகத்தான்.

இந்த மூன்றையும் நம் ஊர்ப் பேச்சில் ‘பிள்ளையை எடுத்து வளர்க்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறோம். முதல் இரண்டுக்கும் வருகிற பணம் மூன்றாவதற்கும் வரும் என்ற எண்ணம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, அந்த 4,000 யாருக்கு?

பணம் பொய் இல்லை. மிஷன் வாத்சல்யா என்று ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. முன்பு வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்ததைப் புதுப்பித்து, 2022 ஜூலையில் புதிய வழிகாட்டுதல்கள் கொடுத்தார்கள். அதற்கு முன் பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாயாக இருந்த நிதி ஆதரவு அப்போதுதான் 4,000 ஆனது. செலவில் பெரும்பாலான மாநிலங்களில் 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம்.

இந்த 4,000 மூன்று வகைப் பிள்ளைகளுக்குப் போகிறது. ஒன்று, நிதி ஆதரவில் இருப்பவர்கள்: அப்பா இறந்து அம்மா தனியாக வளர்க்கும் பிள்ளை, இரண்டு பேரையும் இழந்து உறவினர் வீட்டில் இருக்கும் பிள்ளை, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் படுத்துவிட்ட பிள்ளை, இப்படி. இதற்குக் குடும்ப வருமான உச்சவரம்பும் உண்டு, கிராமத்தில் வருடத்துக்கு 72,000 ரூபாய், நகரத்தில் 96,000. மாதக் கணக்கில் பார்த்தால் கிராமத்துக்கு 6,000, நகரத்துக்கு 8,000. கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் மாதத்தில் பாதி நாள் வேலை செய்தாலே இதைத் தாண்டிவிடுவார் என்பது வேறு வருத்தம். இரண்டாவது வகை, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள். மூன்றாவது, இல்லத்தில் வளர்ந்து 18 வயது முடிந்து வெளியே வருகிற பிள்ளைகள், சொந்தக் காலில் நிற்கும் வரை சில வருடங்களுக்கு.

தத்தெடுத்த பெற்றோர் இந்த வரிசையில் எங்கே? எங்கேயும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தத்தெடுத்த அப்பா நாளைக்கு இறந்துபோய், அம்மா வருமானமில்லாமல் நின்றால், அந்தப் பிள்ளைக்கும் நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். தத்துப் பிள்ளை என்பதால் கிடைப்பது இல்லை அது. அப்பாவை இழந்த எந்தப் பிள்ளைக்கும் உள்ள வழிதான். கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021 மே மாதம் அறிவித்த பிஎம் கேர்ஸ் குழந்தைகள் திட்டத்தில், தத்தெடுத்த பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அதுவும் இதே கணக்குத்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பான பெற்றோர் இல்லாதபோதும், இருந்தும் முடியாதபோதும் அரசின் மாதப் பணம் வருகிறது. நீங்கள் தத்தெடுத்து அந்தப் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டதும், இந்த வழியில் வருகிற பணம் நின்றுவிடுகிறது.

பெரியவர் சொன்ன லட்சம்

தத்தெடுக்கும்போது பணம் எதிர்த் திசையில் போகிறது என்பதில் பெரியவர் சொன்னது சரி. தொகைதான் தவறு. 2022-இல் வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி உள்நாட்டுப் பெற்றோர் வீட்டாய்வு அறிக்கைக்காக 6,000 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டாய்வு அறிக்கை என்பது ஒரு சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து, பேசி, உங்களால் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா என்று எழுதிக் கொடுப்பது. அப்புறம் பிள்ளை உங்களிடம் வரும்போது, அதுவரை பார்த்துக்கொண்ட தத்து நிறுவனத்துக்குக் குழந்தைப் பராமரிப்பு நிதியாக 50,000. பிள்ளை வந்தபிறகு இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், அதற்கும் சிறு கட்டணம் உண்டு.

அவ்வளவுதான். இதற்குமேல் யாராவது ஒரு ரூபாய் கேட்டாலும், “ஆஸ்பத்திரியிலேயே ஒரு குழந்தை இருக்கு, மூணு லட்சம், பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்று யாராவது போன் செய்தாலும், அது குழந்தை விற்பனை. விற்கிறவரோடு வாங்குகிறவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய தண்டனை, மூன்று வருடம் வளர்த்த பிள்ளையை ஒருநாள் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போவது. பெரியவர் கேள்விப்பட்ட ‘லட்சக்கணக்கு’ எந்த வழியில் போன பணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பந்தியில் அதைக் கேட்க முடியவில்லை.

அரசு ஏன் பணம் கொடுக்காமல் வாங்குகிறது என்று கேட்டால் பதில் எளிது. காத்திருப்பவர்கள் அதிகம், கிடைக்கிற பிள்ளைகள் குறைவு. 2024-25-இல் நாடு முழுவதும் காரா வழியாக நடந்த தத்தெடுப்புகள் 4,515. காத்திருக்கும் பெற்றோர் 30,000-க்கும் மேல். ஒரு சின்னக் குழந்தைக்காக மூன்று வருடத்துக்கும் மேல் வரிசையில் நிற்கிறவரிடம் போய், தத்தெடுங்கள் பணம் தருகிறோம் என்று கூப்பிட வேண்டிய தேவை அரசுக்கு இல்லை. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அமெரிக்கா பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

கையில் காசாக வராத உதவி

உதவி என்றாலே வங்கிக் கணக்கில் விழுகிற தொகை என்று நினைத்துக்கொள்கிறோம். சம்பளத்தோடு கிடைக்கிற விடுப்பும் பணம்தான். மாதம் 30,000 சம்பளம் வாங்குகிற அம்மாவுக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு என்றால் 90,000 ரூபாய்.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது தத்தெடுக்கும் அம்மாவுக்கு 12 வாரம் என்று முதல் தடவையாகச் சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள், பிள்ளை 3 மாதத்துக்குக் குறைவான வயதில் இருக்க வேண்டும் என்று.

இங்கே நின்று கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கைவிடப்பட்ட ஒரு குழந்தை கிடைத்தால் உடனே தத்துக்குக் கொடுத்துவிட முடியாது. பெற்றவர்களைத் தேட வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதன்பின் குழந்தைகள் நலக் குழு ‘இந்தப் பிள்ளை சட்டப்படி தத்துக்குக் கொடுக்கத் தகுதியானது’ என்று அறிவிக்க வேண்டும். இரண்டு வயது வரையான பிள்ளைக்கு இதற்கு 2 மாதம், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 4 மாதம் என்று இளைஞர் நீதிச் சட்டமே காலம் வைத்திருக்கிறது. பெற்ற தாயே ஒப்படைத்திருந்தாலும் மனம் மாறித் திரும்பி வர 60 நாள் அவகாசம் உண்டு. இதெல்லாம் முடிந்து, இணையதளத்தில் பெயர் ஏறி, பெற்றோர் பார்த்து, ஆவணம் தயாராகி, பிள்ளை வீட்டுக்கு வரும்போது 3 மாதத்தைத் தாண்டாமல் இருந்தால் அதிசயம். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையில் இருந்த காலண்டர் பிடுங்கிக்கொண்டது. இந்த வயது வரம்பை எதிர்த்து ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு நிலைமை மேல். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தத்தெடுத்தால் அம்மாவுக்கு 180 நாள், அப்பாவுக்கு 15 நாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, சில நிறுவனங்கள் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகவே தருகின்றன, ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், தத்துப் பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம் என்று சட்டம் சொன்ன பிறகு, பெற்ற பிள்ளைக்கு அரசு தருகிற எல்லாமே இந்தப் பிள்ளைக்கும் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் பிள்ளை என்ற சொல்லுக்குள் தத்துப் பிள்ளையும் அடக்கம். பெண் பிள்ளையானால் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அரசுப் பள்ளியில் சேர்த்தால் விலையில்லாப் பாடநூலும் சத்துணவும் யாருடைய பிள்ளை என்று பார்த்து வருவதில்லை. பிள்ளைக்கு மாற்றுத்திறன் இருந்தால், அடையாள அட்டை வாங்கியபின், தகுதியைப் பொறுத்துத் தமிழ்நாட்டில் மாதப் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2023-இலிருந்து அது 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை சிகிச்சைச் செலவு பெறலாம். இவற்றில் பலவற்றுக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறியிருப்பது நல்லது. மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள். முன்பு இந்த ஆணைக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரே தருகிறார்.

ஆக, தத்தெடுத்ததற்கென்று தனிப் பரிசு எதுவும் இந்தியாவில் கிடையாது. பெற்ற பிள்ளைக்குக் கிடைப்பது எதுவும் குறையாது, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில நிபந்தனையோடு விடுப்பு உண்டு.

அமெரிக்காவில் மட்டும் ஏன் தருகிறார்கள்?

அந்தத் தம்பி சொன்னது இதைத்தான். அங்கே இதற்குத் தத்தெடுப்பு உதவித்தொகை என்று பெயர். ஆனால் அமெரிக்காவில் யார் எந்தப் பிள்ளையைத் தத்தெடுத்தாலும் கொடுத்துவிடுவதில்லை.

கதை நம் மாமா வீட்டு மூட்டையில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நாட்டில் பெற்றோரிடமிருந்து அரசு எடுத்துவந்த பிள்ளைகள் பெரும்பாலும் இல்லங்களில் இல்லாமல் வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பார்கள், அந்தக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரசுப் பணம் வரும். வருடக்கணக்காக வளர்த்த பிள்ளையைத் தங்கள் பிள்ளையாகவே ஆக்கிக்கொள்ள அந்தக் குடும்பங்களில் பலருக்கும் ஆசை. ஆனால் தத்தெடுத்த மறுநாளே பணமும் மருத்துவ உதவியும் நின்றுவிடும். வசதி குறைந்த குடும்பம், பிள்ளைக்கு வாராவாரம் தெரபி வேண்டும், என்ன செய்வார்கள்? தத்தெடுக்காமல் விட்டுவிடுவார்கள். பிள்ளையும் யாருக்கும் சொந்தமில்லாமலே வளர்ந்து பெரியவனாகிவிடும். மூட்டை நின்றுவிடும் என்ற பயத்தில் மகனாக்க முடியாமல் தவிக்கிற மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

1968-இல் நியூயார்க் மாநிலம் இதை முதலில் உடைத்தது: தத்தெடுத்தாலும் உதவி தொடரும் என்றது. மற்ற மாநிலங்களும் பின்தொடர, 1980-இல் ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது அது நாடு முழுவதற்குமான சட்டமானது.

இயங்கும் விதம் இப்படி. முதலில் பிள்ளை ‘சிறப்புத் தேவை’ உள்ளது என்று மாநிலம் தீர்மானிக்க வேண்டும். இந்தச் சொல்லில் பலர் வழுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் உடல்நலக் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ள பிள்ளை என்றுதான் பொருள். அங்கே அதோடு வயது கூடிய பிள்ளை, ஒன்றாகப் போக வேண்டிய அண்ணன் தங்கைகள், வீடு கிடைக்கச் சிரமப்படும் இனப் பின்னணி உள்ள பிள்ளை எல்லோரும் அதற்குள் வருவார்கள். அதாவது உதவி இல்லாமல் வீடு கிடைப்பது கஷ்டம் என்ற நிலையில் உள்ள பிள்ளை. அடுத்து, பெற்றோரும் அரசு நிறுவனமும் உட்கார்ந்து பேசி மாதத் தொகையை முடிவு செய்து ஒப்பந்தம் போடுவார்கள், தத்து ஆணை இறுதியாவதற்கு முன்னாலேயே. பெற்றோர் பணக்காரர் என்பதற்காகத் தகுதியை மறுக்க முடியாது, ஏனென்றால் உதவி பிள்ளையின் தேவைக்கானது. பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது வரை, சில நிலைமைகளில் 21 வரை தொடரும். அரசு மருத்துவக் காப்பீடும் பிள்ளையோடு போகும்.

“அப்போ காசுக்காகவே எடுப்பாங்களே?” என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பூட்டு எளிமையானது. அதே பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தால் அரசுக்கு எவ்வளவு செலவாகுமோ அதைத் தாண்டி உதவித்தொகை போகக் கூடாது. எப்படியும் செலவாகப் போகிற பணம், தத்தெடுத்ததால் கூடுவதில்லை.

இதோடு பலர் குழப்பிக்கொள்கிற இன்னொன்று தத்தெடுப்பு வரிச் சலுகை. அது எல்லா வகைத் தத்தெடுப்புக்கும், மாற்றாந்தாய் மாற்றாந்தந்தை தத்தெடுப்பது தவிர, கிடைக்கும். கட்ட வேண்டிய வரியிலிருந்து தத்தெடுத்த செலவைக் கழித்துக்கொள்வது. 2025-ஆம் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 17,280 டாலர் வரை, அதில் 5,000 டாலர் வரை வரி கட்ட வேண்டியது இல்லாவிட்டாலும் கையில் வரும். ஒருதடவை கணக்கு அது. மாத உதவித்தொகை வேறு. தனியார் நிறுவனம் மூலம் ஆரோக்கியமான பச்சைக் குழந்தையையோ வெளிநாட்டுப் பிள்ளையையோ எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வரிச் சலுகை மட்டும்தான். அங்கே இருக்கிற நம் ஆட்கள் ஊருக்கு வந்து பேசும்போது இரண்டையும் சேர்த்து ‘கவர்மென்ட் குடுக்குது’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம் வாதத்தில் உள்ள ஓட்டை

வரிசையில் 30,000 பேர் நிற்கிறார்கள், எதற்குப் பணம் என்று மேலே சொன்னேன். அந்த வரிசையில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குள், ஆரோக்கியமான பிள்ளை. எட்டு வயதுப் பையனுக்கும், ஒன்றாகத்தான் போவோம் என்று கைகோத்து நிற்கிற மூன்று அக்கா தங்கைகளுக்கும், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்கும் அந்த வரிசையில் ஆள் குறைவு. காராவின் பட்டியலில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் காத்திருப்பே கிடையாது, பதிவு செய்தவர் உடனே பார்க்கலாம். அப்படியும் அவர்களில் பலருக்கு வெளிநாட்டுக் குடும்பம்தான் கிடைக்கிறது.

இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் 1968-க்கு முந்தைய நியூயார்க்காகத்தான் இருக்கிறோம் என்பது என் எண்ணம். 2024-இல் வந்த வளர்ப்புப் பராமரிப்பு மாதிரி வழிகாட்டுதல்கள், ஒரு குடும்பம் இரண்டு வருடம் வளர்த்த பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று சொல்கின்றன, முன்பு அது ஐந்து வருடம். நல்ல மாற்றம். ஆனால் தத்து ஆணை வந்த மாதத்தோடு அந்த 4,000 நிற்கும். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், கால் அறுவை சிகிச்சை இன்னும் இரண்டு பாக்கி இருக்கிற பத்து வயதுப் பெண்ணை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மாதம் நாலாயிரம் குறையும், போடாவிட்டால் வரும். மனசு ஒருபக்கம் இழுக்கும், வீட்டுக் கணக்கு மறுபக்கம் இழுக்கும். அந்த அப்பாவை அந்த இடத்தில் நிறுத்துகிற விதியை மாற்ற, எல்லாத் தத்தெடுப்புக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வீடு கிடைக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு மட்டும், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற அதே தொகையை நிறுத்தாமல் விட்டால் போதும். அரசுக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு ஏறாது.

அக்காவிடம் சொன்னது

நான்கு நாள் கழித்து அக்காவுக்குப் போன் செய்தேன். 4,000 வராது அக்கா, 50,000 சொச்சம் நீங்கள் கட்ட வேண்டிவரும், வேறு யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்றேன். காரா இணையதளத்தில் பதிவு செய்யத் தெரியாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் உட்காருங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே என்று சொல்வார்கள், பதிவு செய்ய அவர்களே உதவுவார்கள் என்றேன். அக்கா ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார், விடுப்பு எத்தனை நாள் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுதிக் கேட்டு வைக்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “பெரிய பிள்ளைன்னா சீக்கிரம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கிடைக்கும் என்றேன்.